ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் பாட்டிமார்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி. கணக்கு வழக்கில்லாமல் செலவு செய்பவர்களைப் பார்த்து அவர்கள் அதைச் சொல்வார்கள். ஆற்றில் போட்டது திரும்பி வரப் போவதில்லை. ஆனாலும் எவ்வளவு போட்டோம் என்பதாவது போட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இந்தக் கட்டுரையில் அந்தப் பழமொழியை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். நான் பேசப் போவது நாம் ஆற்றில் போடும் மீன்களைப் பற்றி.

பல்கலைக்கழகத்தில் நான் இரண்டாம் ஆண்டில் பயின்றபோது, சமூக சேவைத் திட்டம் ஒன்றில் கலந்துகொண்டு மீன்குஞ்சுகளை ஆற்றில் விட்டேன். காலையிலேயே கரையில் கூடாரம் போட்டாயிற்று. பிரமுகர் வந்தார். மூன்று உரைகள் நடந்தன. பிறகு பிராணவாயு நிரப்பிக் கட்டிய நெகிழிப் பைகளை அவிழ்த்து, குஞ்சுகளை வாளிகளில் ஊற்றி, வரிசையாக நின்று தண்ணீரில் விட்டோம். படம் எடுத்துக்கொண்டோம். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் பேருந்தில் ஏறினோம். உண்மையைச் சொன்னால், அன்று எனக்கு மனம் நிறைந்திருந்தது. ஓர் ஆற்றுக்கு உயிர் கொடுத்துவிட்டோம் என்றே நம்பினேன்.

திட்ட அறிக்கையில் எத்தனை குஞ்சுகளை விட்டோம், எத்தனை மாணவர்கள் கலந்துகொண்டார்கள், எத்தனை ரிங்கிட் செலவானது என்பதெல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் அந்த ஆற்றில் ஏற்கெனவே என்னென்ன மீன்கள் வாழ்ந்தன, அவை ஏன் குறைந்தன, நாங்கள் விட்டவற்றுள் மூன்று மாதம் கழித்து எத்தனை உயிரோடு இருந்தன என்பவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவற்றை எழுத வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. தேத் தாரேக் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்த அந்தத் தண்ணீரை நாங்கள் யாரும் உற்றுப் பார்க்கவே இல்லை.

இதே கேள்விகளை அரை நூற்றாண்டுக்கு முன்னர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டது நமக்கு வெகு தொலைவில், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில். அந்தக் கேள்வியால் ஒரு மாநிலமே தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. அந்த வரலாறு நம் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பூச்சியைப் படிக்கும் தூண்டில்காரர்கள்

மொன்டானா, பரப்பளவில் மலேசியாவைவிடப் பெரியது. ஆனால் அங்கே வாழ்பவர்கள் ஏறத்தாழ பதினோரு இலட்சம் பேர்தான். மலைகளில் பெய்யும் பனி கோடையில் உருகி ஆறுகளாக ஓடுகிறது. அவற்றுள் புகழ்பெற்றது மேடிசன் ஆறு. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் இரண்டு சிற்றாறுகள் கூடுமிடத்தில் அது பிறக்கிறது. பின்னர் வடக்கு நோக்கிப் பாய்ந்து, வேறு இரண்டு ஆறுகளோடு சேர்ந்து மிசௌரிப் பேராறாகிறது.

இந்த ஆற்றில் வாழும் டிரவுட் மீனைத் தேடி உலகின் பல மூலைகளிலிருந்தும் தூண்டில்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் முறைக்கு 'பிளை பிஷிங்' என்று பெயர். நாம் அதைப் 'பூச்சித் தூண்டில்' என்று சொல்லிக்கொள்ளலாம். நமக்குத் தெரிந்த தூண்டிலில் முள், மண்புழு, தக்கை, ஈயக் குண்டு ஆகியவை இருக்கும். பூச்சித் தூண்டிலில் புழுவும் இல்லை, குண்டும் இல்லை. இறகு, விலங்கு முடி, நூல் ஆகியவற்றை ஒரு சிறு முள்ளின் மேல் சுற்றிக் கட்டி, பார்ப்பதற்குப் பூச்சியைப் போலவே செய்கிறார்கள். அந்தப் போலிப் பூச்சிக்கு எடையே கிடையாது. ஆகவே கனமான கயிற்றைக் காற்றில் முன்னும் பின்னுமாகச் சுழற்றி வீசி, அந்தக் கயிற்றின் எடையாலேயே பூச்சியைத் தண்ணீரின் மேல் மெல்ல இறக்க வேண்டும்.

இதில் வெற்றி பெற வேண்டுமானால், இன்று இந்த ஆற்றில் எந்தப் பூச்சி பறக்கிறது என்பது தூண்டில்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் மீன் அன்று எதைத் தின்கிறதோ அதைப் போன்ற பூச்சியைத்தான் பெரும்பாலும் கவ்வும். ஆகவே அவர் தண்ணீரில் இறங்கியதும் ஒரு கல்லைப் புரட்டி அதன் அடிப்பக்கத்தைப் பார்க்கிறார். அங்கே 'மேபிளை', 'கேடிஸ்', 'ஸ்டோன்பிளை' என்று அவர்கள் அழைக்கும் பூச்சிகளின் இளம்பருவங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். மழைக்குப் பின் நம் விளக்கைச் சுற்றும் ஈசலைப் போல, இவையும் ஒரு நாள் கூட்டங்கூட்டமாகச் சிறகு முளைத்துப் பறக்கும். சில நாள்களுக்குள் இணைசேர்ந்து, முட்டையிட்டு, மடிந்துவிடும்.

மேடிசன் ஆற்றில் கோடையின் தொடக்கத்தில் பறக்கும் பெரிய ஸ்டோன்பிளை ஒன்று உண்டு. சிறகு முளைப்பதற்கு முன்னர் அது மூன்று, நான்கு ஆண்டுகள் கற்களுக்கு அடியில் வாழ்கிறது. சற்று எண்ணிப் பாருங்கள். மூன்று, நான்கு ஆண்டுகளாக அந்தத் தண்ணீரில் பிராணவாயு குறையாமல், நஞ்சு கலக்காமல், சேறு படியாமல் இருந்தால்தான் அந்தப் பூச்சி ஒரு நாள் வானத்தைப் பார்க்க முடியும். ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் செல்லும் ஒரு புட்டித் தண்ணீர் அன்றைய நிலையை மட்டுமே சொல்லும். கல்லுக்கடியில் இருக்கும் பூச்சி நான்கு ஆண்டு வரலாற்றைச் சொல்லும்.

டிரவுட் மீனின் கதையும் இதுதான். அது குளிர்நீர் மீன். நீரின் வெப்பம் சுமார் 20 பாகை செல்சியஸைத் தாண்டினால் திணறத் தொடங்கும். பெண்மீன் வாலால் கூழாங்கற்களைக் கிளறிப் பள்ளம் பறித்து முட்டையிட்டு, மீண்டும் கற்களால் மூடிவிடும். அந்தக் கற்களின் இடுக்குகளில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைகள் மூச்சுவிட முடியும். மேலே மெல்லிய சேறு படிந்துவிட்டால், முட்டைகள் இருந்த இடத்திலேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஆகவே மேலே ஒரு காட்டை வெட்டினால் கீழே மீன் பிறப்பதில்லை.

எண்ணிப் பார்த்த மனிதர்

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், அமெரிக்காவில் மீன் குறைந்தால் அதற்கு ஒரே மருந்துதான் இருந்தது. பண்ணையில் வளர்த்த டிரவுட் மீன்களை லாரியில் கொண்டுவந்து ஆற்றில் கொட்டுவார்கள். தூண்டில்காரர்கள் அதை விரும்பினார்கள். கடைக்காரர்களும் தங்கும் விடுதிக்காரர்களும் விரும்பினார்கள். லாரி வந்த மறுநாளே எல்லாருக்கும் மீன் கிடைத்தது. அரசாங்கம் வேலை செய்கிறது என்பதற்குக் கண்கண்ட சான்றாகவும் அது இருந்தது. நமது கூடாரமும் வாளியும் நினைவுக்கு வருகின்றன அல்லவா?

மொன்டானா மீன்வளத் துறையில் டிக் வின்சென்ட் என்ற உயிரியலாளர் பணியாற்றினார். 1960களின் பிற்பகுதியில் அவர் மேடிசன் ஆற்றில் மீன்களை எண்ணத் தொடங்கினார். ஓடும் ஆற்றில் மீனை எண்ணுவது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். தண்ணீரில் மின்சாரத்தைப் பாய்ச்சி மீன்களைச் சற்று நேரம் மயங்கச் செய்வார்கள். பிடித்து, அளந்து, துடுப்பில் ஓர் அடையாளம் வைத்து விட்டுவிடுவார்கள். சில நாள்கள் கழித்து மறுபடி பிடிக்கும்போது, எத்தனைக்கு எத்தனை மீன்களில் அடையாளம் இருக்கிறது என்று பார்த்து, மொத்தத் தொகையைக் கணக்கிடுவார்கள். புள்ளியியல் பாடம் எடுத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

வின்சென்ட் செய்தது ஓர் எளிய சோதனை. மேடிசன் ஆற்றில், ஆண்டுதோறும் பண்ணை மீன் கொட்டப்பட்டு வந்த ஒரு பகுதியில் கொட்டுவதை நிறுத்தினார்கள். அதே வட்டாரத்தில், அதுவரை மீன் கொட்டப்படாத ஓடெல் என்ற ஓடையில் கொட்டத் தொடங்கினார்கள். பிறகு இரண்டு இடங்களிலும் தொடர்ந்து எண்ணினார்கள்.

விடை எல்லாரையும் திகைக்க வைத்தது. கொட்டுவதை நிறுத்திய இடத்தில், ஆற்றிலேயே பிறந்த மீன்களின் தொகை சில ஆண்டுகளில் பல மடங்கு உயர்ந்தது. கொட்டத் தொடங்கிய ஓடையில், அங்கேயே பிறந்த பழுப்பு டிரவுட் மீன்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. மீனைப் பெருக்குவதற்காகச் செய்த செயலே மீனைக் குறைத்துக்கொண்டிருந்தது!

இந்த முடிவை மக்கள் கைதட்டி வரவேற்கவில்லை. லாரி வராவிட்டால் பயணிகள் வரமாட்டார்கள், பயணிகள் வராவிட்டால் பிழைப்பு போய்விடும் என்று எதிர்ப்பு எழுந்தது. ஆனால் எண்கள் தெளிவாக இருந்தன. 1974ஆம் ஆண்டில், டிரவுட் மீன்கள் தாமாகவே இனம்பெருக்கக்கூடிய ஆறுகளில் பண்ணை மீன்களைக் கொட்டுவதை மொன்டானா நிறுத்தியது. இன்றுவரை அதுவே அங்குக் கொள்கையாக இருந்து வருகிறது. ஏரிகளில் மட்டும் தேவைக்கேற்ப விடுகிறார்கள். மீன் கொட்டாத மாநிலம்தான் இன்று பூச்சித் தூண்டில்காரர்கள் தேடிப் போகும் மாநிலமாக விளங்குகிறது.

கொட்டக் கொட்டக் குறைந்தது ஏன்?

ஓர் ஆற்றில் ஒவ்வொரு மீனுக்கும் ஓர் இடம் உண்டு. பெரிய கல்லின் பின்புறம், கரையோர வேரின் அடிப்புறம் என்று, அதிகம் நீந்தாமலேயே இரை வந்து சேரும் இடங்களுக்குப் போட்டியிட்டு மீன்கள் தமக்குள் ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொள்கின்றன. பண்ணையில் வளர்ந்த மீனுக்கு இது தெரியாது. சிமெண்டுத் தொட்டியில், கூட்டத்தோடு கூட்டமாக, வேளாவேளைக்கு மேலிருந்து விழும் தீனியைத் தின்று வளர்ந்தது அது. மனித நிழலைக் கண்டால் ஒளியாமல் தீனி வருகிறது என்று மேலே வரும். அப்படிப்பட்ட மீன்கள் ஆயிரக்கணக்கில் வந்து விழும்போது, ஆற்றில் இருந்த ஒழுங்கு குலைகிறது. ஊர் மீன்கள் தம் இடத்தை இழக்கின்றன. ஓயாமல் நீந்திச் சண்டையிட்டுச் சக்தியை வீணாக்குகின்றன. வந்த மீன்களுக்கோ ஆற்றில் வாழத் தெரியவில்லை. பெரும்பாலானவை அடுத்த குளிர்காலத்தைக் காண்பதில்லை. ஆக, இருந்ததும் போயிற்று, வந்ததும் நிலைக்கவில்லை.

இதைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு என்று நான் கருதுகிறேன். லாரி வந்துகொண்டிருக்கும் வரை ஆற்றுக்கு நோய் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. தூண்டிலில் மீன் அகப்படுகிறது. ஆகவே ஆறு நலம் என்று எண்ணிக்கொண்டார்கள். அணையில் தண்ணீரைத் தேவையான நேரத்தில் விடாவிட்டாலும், கரையை மாடுகள் மிதித்துச் சேறாக்கினாலும், சுரங்கக் கழிவு கலந்தாலும் கேள்வி எழவில்லை. கொட்டுவதை நிறுத்திய பிறகுதான், மீன் வேண்டுமானால் ஆற்றைக் காக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தது.

நிறுத்தினால் மட்டும் போதுமா?

போதாது. அதே மாநிலத்தின் பிளாக்ஃபுட் ஆறு அதற்குச் சான்று. நார்மன் மெக்லீன் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' என்ற நூல், தம் தந்தையோடும் தம்பியோடும் அந்த ஆற்றில் தூண்டில் போட்ட நாள்களை வைத்து எழுதப்பட்டது. ராபர்ட் ரெட்ஃபோர்ட் அதைத் திரைப்படமாக்கினார். 1992இல் வெளிவந்த அந்தப் படம் சிறந்த ஒளிப்பதிவுக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. ஆனால் படத்தில் நாம் காணும் அந்த அழகிய ஆறு பெரும்பாலும் பிளாக்ஃபுட் அன்று. காடழிப்பாலும் சுரங்கக் கழிவாலும் அந்த ஆறு அவ்வளவு நலிந்திருந்ததால், படப்பிடிப்பைப் பெரும்பகுதி வேறு ஆறுகளில் நடத்தினார்கள். அதன் தலைப்பகுதியில் இருந்த சுரங்கக் கழிவு அணை ஒன்று 1975இல் உடைந்து, நச்சு உலோகங்கள் கலந்த சேறு ஆற்றில் இறங்கியிருந்தது.

அந்த ஆறு கிளார்க் ஃபோர்க் ஆற்றோடு சேருமிடத்தில் மில்டவுன் என்ற அணை 1908இல் கட்டி முடிக்கப்பட்டது. அதே ஆண்டில் வந்த பெருவெள்ளம், மேலே இருந்த செம்புச் சுரங்கங்களின் கழிவுகளை அடித்துவந்து அணைக்குப் பின்னால் சேர்த்தது. 1981இல் அருகிலிருந்த கிணறுகளில் ஆர்செனிக் நஞ்சு கண்டறியப்பட்டது. 1996இல் பனிக்கட்டிப் பாளங்கள் அணையை நெருங்கியபோது நீர்மட்டத்தைத் தாழ்த்தினார்கள். அடியிலிருந்த செம்புச் சேறு கிளறப்பட்டு, அணைக்குக் கீழே மீன்கள் மாண்டன. இறுதியில் 2008 மார்ச் மாதம் அணை உடைக்கப்பட்டது. நச்சுச் சேற்றை இரயிலில் ஏற்றி அப்புறப்படுத்தினார்கள். நூறாண்டுக்குப் பின் இரண்டு ஆறுகளும் தடையின்றிக் கலந்தன.

இதற்காகப் போராடியவர்களில் தூண்டில்காரர்கள் முன்வரிசையில் நின்றார்கள். பிளாக்ஃபுட் பள்ளத்தாக்கில் அவர்கள் பண்ணைக்காரர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து பேசினார்கள். மாடுகள் கரையை மிதிக்காமல் வேலி போட்டார்கள். நேராக வெட்டப்பட்டிருந்த ஓடைகளை மறுபடி வளைந்தோட விட்டார்கள். வேலி போடுவதைப் படம் எடுத்தால் அழகாக இருக்காது. ஆனால் மீன் அதைத்தான் கேட்டது.

சில மறுப்புகள்

இதைப் படிக்கும் நண்பர்கள் சிலர் மறுப்புச் சொல்லக்கூடும். முதல் மறுப்பு: பிடித்த மீனை உண்ணாமல் திரும்ப விடுவது பணக்காரர் விளையாட்டு, முள்ளால் குத்தி வேடிக்கை பார்ப்பதற்குப் பெயர் பரிவா? இதில் நியாயம் இருக்கிறது. மீனுக்கு அது விளையாட்டன்று. நான் அதை முழுமையாக ஆதரித்துப் பேச வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொன்டானாவில் ஆற்றுநீரின் வெப்பம் தொடர்ந்து மூன்று நாள்களுக்குச் சுமார் 23 பாகை செல்சியஸை எட்டினால், பிற்பகல் இரண்டு மணிமுதல் நள்ளிரவுவரை தூண்டில் போடத் தடை விதிக்கிறார்கள். பருவநிலை மாறிவரும் இக்காலத்தில் அத்தகைய தடைகள் கோடைதோறும் பல ஆறுகளுக்கு வருகின்றன. தன் பொழுதுபோக்கை மீனுக்காக நிறுத்திக்கொள்ளும் ஒரு வழக்கம் அங்கே சட்டமாகவே இருக்கிறது.

இரண்டாம் மறுப்பு இன்னும் வலுவானது. மேடிசன் ஆற்றின் பழுப்பு டிரவுட் ஐரோப்பாவிலிருந்து வந்தது. வானவில் டிரவுட் பசிபிக் கரையோர ஆறுகளிலிருந்து வந்தது. இரண்டுமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் அங்கே மனிதர்களால் விடப்பட்டவை. அவை பெருகியதால் அந்த மண்ணுக்கே உரிய கட்த்ரோட் டிரவுட் பல இடங்களில் ஒதுங்கிப் போயிற்று. ஆக, இன்று 'காட்டு மீன்' என்று போற்றப்படுவதும் ஒரு காலத்தில் யாரோ வாளியில் கொண்டுவந்து விட்டதுதானே? ஆம். இந்த உண்மை என் வாதத்தை வலுப்படுத்துகிறது என்றே நினைக்கிறேன். ஒரு முறை விட்டது நூறாண்டுக்குப் பின்னும் ஆற்றில் இருக்கிறது; அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

வந்தது மீன் மட்டுமன்று. 1994இல் மேடிசன் ஆற்றின் வானவில் டிரவுட் மீன்களில் ஒரு கொடிய நோய் கண்டறியப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு நுண்ணுயிர், குஞ்சுகளின் குருத்தெலும்பைத் தாக்கி அவற்றை வட்டமடித்துச் சுழல வைத்தது. ஆற்றின் மேற்பகுதியில் வானவில் டிரவுட் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. பின்னர்தான் அவை மெல்ல மீண்டன. நோயுற்ற மீன்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசென்று விட்டது அந்த நோய் அமெரிக்காவில் பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம். வாளிக்குள் நம் கண்ணுக்குத் தெரியாததும் இருக்கிறது.

நம் ஆறுகள்

நம் நாட்டு ஆறுகளில் டிரவுட் இல்லை. வெப்பமண்டல ஆற்றுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் பாடம் பொருந்தும். கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்வதற்காக வாங்கப்பட்ட தென்னமெரிக்க மீனை நாம் 'ஈக்கான் பண்டாராயா' என்று அழைக்கிறோம். வளர்க்க அலுத்துப்போனவர்கள் அதை ஆற்றில் விட்டார்கள். இன்று கிள்ளான், லங்காட் போன்ற ஆறுகளில் அது பெருகிக் கிடக்கிறது. அதைப் பிடித்து அகற்றுவதற்கென்றே தொண்டர்கள் இறங்க வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் விலங்குகளை நீர்நிலைகளில் விடக்கூடாது என்று விசாக தினத்தையொட்டி அறிவுறுத்துகிறார்கள். விடுவது புண்ணியம் என்ற நல்லெண்ணத்தை வைத்துக்கொண்டு ஆற்றுக்குக் கேடு செய்ய முடியும்.

சேற்றைப் பற்றியும் நமக்குத் தெரியும். நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த கேமரன் மலையில், ரிங்லெட் அருகே சுல்தான் அபு பக்கார் அணை இருக்கிறது. 1963ஆம் ஆண்டு முதல் இயங்கும் அந்த அணையின் நீர்த்தேக்கத்தில், மேலே நிலத்தைத் திறந்துவிட்டதால் இறங்கிய மண் நிரம்பிக் கிடக்கிறது. 2013 அக்டோபரில் பெருமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியாயின. அந்தச் சேறு ஓடைகளின் கற்களை மூடும்போது, அங்கே முட்டையிடும் மீனுக்கு என்ன ஆகியிருக்கும்? நாம் கேட்டதில்லை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டுப் பள்ளிகள் மூடப்பட்டபோதுதான், அப்படி ஓர் ஆறு இருப்பதையே நம்மில் பலர் அறிந்தோம்.

நல்ல எடுத்துக்காட்டும் நம்மிடமே உண்டு. சபாவின் கிராமங்களில் 'தாகால்' என்ற முறை இருக்கிறது. ஊரார் கூடிப் பேசி, ஆற்றின் ஒரு பகுதியில் மீன் பிடிப்பதில்லை என்று முடிவெடுக்கிறார்கள். மீறுபவர்களுக்கு வழக்கப்படி தண்டம் விதிக்கிறார்கள். காவல் காப்பதும் அவர்களே. அப்படிக் காக்கப்பட்ட ஆறுகளில் கெலா போன்ற மீன்கள் மீண்டும் கூட்டங்கூட்டமாகத் தென்படுகின்றன. வின்சென்ட் எண்களால் கண்டதை அந்தக் கிராமத்தார் ஊர் வழக்கத்தாலேயே செய்து காட்டியிருக்கிறார்கள்.

மீன்குஞ்சு விடுவது எல்லா இடத்திலும் தவறு என்று நான் சொல்லவில்லை. மூடிய குளங்களில், பழைய ஈயக் குட்டைகளில், மக்கள் பிடித்து உண்பதற்காக விடலாம். அழிந்துபோன உள்ளூர் மீனை, ஆறு தேறிய பிறகு, அறிந்தவர்களின் துணையோடு மீண்டும் கொண்டுவரலாம். ஆனால் ஓடும் ஆற்றில், அங்கே என்ன இருக்கிறது என்று பாராமல், ஒரு காலைப் பொழுதில் கொட்டிவிட்டு வருவதைச் சேவை என்று நாம் இனியும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? நம் பல்கலைக்கழகத்துக்கு அருகில் ஓர் ஓடையைத் தேர்ந்தெடுப்போம். நூறு மீட்டர் போதும். மாதம் ஒரு முறை நான்கு பேர் செல்லட்டும். நீரின் வெப்பத்தை அளக்கட்டும், தெளிவைப் பார்க்கட்டும், பத்துக் கற்களைப் புரட்டி, அடியில் என்னென்ன பூச்சிகள் எத்தனை இருக்கின்றன என்று எழுதி, கற்களை இருந்தபடியே வைத்துவிட்டு வரட்டும். நம் நாட்டின் நீர்த்தரக் குறியீடு கரைந்த பிராணவாயு, அமிலத்தன்மை முதலான ஆறு அளவைகளைக் கொண்டது. அவற்றுள் ஒன்றுகூட உயிரினம் அன்று. ஆகவே நாம் எழுதும் பூச்சிக் கணக்கு வீண்போகாது. உயிரியல் பயிலும் மாணவர் பூச்சியை இனங்காணட்டும்; புள்ளியியல் பயிலும் மாணவர் அட்டவணை போடட்டும்; தமிழ் பயிலும் மாணவர் அந்தப் பூச்சிகளுக்கு நல்ல தமிழ்ப் பெயர் சூட்டட்டும். நாம் பட்டம் பெற்றுப் போன பின்னரும் குறிப்பேடு அடுத்த செயலவையின் கைக்குப் போகட்டும். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்தால், அந்த ஓடையைப் பற்றி நாட்டில் யாருக்கும் தெரியாத செய்தி நம் கழகத்தின் கையில் இருக்கும். மேலே ஏதேனும் கலந்து பூச்சி மறைந்தால், சுற்றுச்சூழல் துறையிடம் தேதியோடும் எண்ணோடும் போய் நிற்கலாம்.

முடிப்பதற்கு முன் இன்னொரு வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2021 நவம்பர் 30ஆம் நாள், மேடிசன் ஆற்றின் மேலுள்ள ஹெப்கன் அணையில் மதகின் ஒரு பாகம் பழுதடைந்தது. ஆற்றுக்கு வரும் தண்ணீர் திடீரெனக் குறைந்தது. பழுப்பு டிரவுட் இலையுதிர் காலத்தில் இட்ட முட்டைகள் கற்களுக்கடியில் இருந்த நேரம் அது. கரையோரக் கிளைகள் வற்றி, மீன்கள் சிறு குட்டைகளில் சிக்கிக்கொண்டன. செய்தி பரவியதும் ஊர்க்காரர்களும் தூண்டில்காரர்களும் வழிகாட்டிகளும் அந்தக் குளிரில் வலையோடும் வாளியோடும் வந்தார்கள். சிக்கிய மீன்களை வாரியெடுத்து, ஓடும் தண்ணீரில் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு நாள்களுக்குள் மதகு சரிசெய்யப்பட்டு நீர் மீண்டும் ஓடியது.

அவர்கள் கையிலும் வாளி, அன்று என் கையிலும் வாளி. ஆனால் எந்தக் குட்டையில் மீன் சிக்கியிருக்கும், எந்தக் கல்லின் கீழ் முட்டை இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆற்றில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் நடந்திருந்தார்கள். எனக்கோ, நான் நின்ற ஆற்றின் பெயர்கூடப் பதாகையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அடுத்த ஆண்டு சேவைத் திட்டத்துக்கு மனு எழுதப்போகும் தம்பி தங்கைகளிடம் ஒரு முன்னாள் மாணவனாக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை குஞ்சுகள் வாங்குவது என்ற கணக்கைப் போடுவதற்கு முன்னர், ஒரு சனிக்கிழமை காலையில் அந்த ஆற்றுக்குப் போய் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அங்கே என்ன கண்டீர்கள் என்பதை மனுவின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.